பம்பருக்குள் அடைத்த காற்று

என் மாமாவின் கல்யாணத்தைக் குழப்பியவன் நான். எங்கள் உறவினர் பலர் இன்றும் அதைச் சகுனம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தலை முழுக்க நரைத்துவிட்ட இந்த வயதில் அந்தப் பழியைச் சகுனத்தின் மேல் போட்டுவிட்டு இருக்க மனம் ஒப்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் விம்பிள்டனில் வாடகை வீடொன்றில் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. பெட்ரோல் நிலையத்தில் வேலை, படுக்கை என் அறையில். ஒருநாள், யாரோ கைவிட்டிருந்த பழைய கேரவன் ஒன்றைக் காரின் பின்னால் கொளுவி இழுத்துவந்து வாசலில் நிறுத்தினார். உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தன. கோடையில் எல்லோரும் இதில் கடற்கரைக்குப் போகிறோம் என்றார்.

அதன் பின்பக்கப் பம்பர் துருவேறி இற்றுப்போயிருந்தது. நான் விரலால் குத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போயிற்று. மாமா அதை அறுத்தெடுத்துவிட்டு, கனத்த இரும்புக் குழாயொன்றைப் புதுப் பம்பராகப் பூட்டினார். தெரிந்த வெல்டரைக் கொண்டு குழாயின் இரண்டு முனைகளையும் தகடு வைத்து அடைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்திச் சோதித்து, ஓரத்தில் ஒரு திருகுவால்வும் வைத்திருந்தார். பெட்ரோல் நிலையத்துக் கம்பிரஷரில் அதற்குள் காற்றை அடைத்துக்கொண்டு போனால் வழியில் காற்று இறங்கிய ரயருக்கும், கடற்கரையில் என் ரப்பர் படகுக்கும் காணும் என்றார்.

"மச்சான், உன்ரை மண்டைக்குள்ள இருந்த காத்தை இதுக்குள்ள மாத்திப்போட்டியோ?" என்றார் அப்பா.

"நடுவழியில ரயர் போனா நீங்கள் வாயால ஊதுங்கோ, அத்தான்."

முதன்முதலில் வால்வைத் திறப்பவன் நான்தான் என்று மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அதை நான் சொல்லாத ஆளில்லை.

அந்த நாட்களில் மாமாவுக்குப் பேசிய சம்பந்தங்கள் சாதகம் பொருந்தாமல் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒன்று பொருந்தியது. பெண்ணும் மாமாவும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. புது வண்டியென்றால் ஓடுமுன் கோயிலில் பூசை செய்விப்பது எங்கள் வழக்கம். அம்மா இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டார். இரு வீட்டாரும் கோயில் வாசலில் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. தற்செயலாக வந்த பெண்ணின் தாய் கல்யாணப் பட்டு உடுத்தி வந்திருந்தார்.

பெண்ணாக வந்த அக்கா கேரவனைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பம்பரைத் தட்டினார்.

"இதுக்குள்ள காத்தே?"

"ஓம். கடற்கரைக்கு நீங்களும் வாங்கோவன். முதல் நீங்களே திறந்து பாருங்கோ" என்றார் மாமா.

அக்கா சிரித்தார். மாமாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஐயர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கற்பூரத் தட்டோடு பின்பக்கம் வந்தார். எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். நான் வால்வைத் திருகினேன். சும்மா ஒரு சீறல் கேட்கும் என்றுதான் நினைத்தேன். வந்தது ஒரு புயல். கற்பூரம் அணைந்தது. தட்டிலிருந்த திருநீறு கிளம்பி அந்தத் தாயின் பட்டுச் சேலையில் படிந்தது.

மாமா பாய்ந்து வந்து வால்வை மூடினார். ஐயர் பதறாமல் கற்பூரத்தை மறுபடி ஏற்றினார். அந்தத் தாய் மட்டும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவில்லை.

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சரியா இறுக்கேல்லை, அன்ரி. என்ரை பிழை" என்றார்.

"கோவியாதையுங்கோ தங்கச்சி," என்று அந்த அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமிக்கு முன்னால அணைஞ்சிட்டுது."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. சில மாதங்களில் அக்காவுக்கு வேறிடத்தில் கல்யாணமானது. நாங்கள் கடற்கரைக்குப் போகவேயில்லை. மாமா கேரவனை விற்றுவிட்டார், வேறு சம்பந்தம் பேசவும் சம்மதிக்கவில்லை. அவர் என் அறையிலேயே இருந்துவிட்டதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அதைச் சொல்லத்தான் இன்று அதிகம் கூசுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், படித்து வேலைக்குப் போன பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவதுதான் பரிகாரம் என்று தீர்மானித்தேன். முதலில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தேநீர் தந்தார், முழுக்கக் கேட்டார். "இவ்வளவு காலமும் ஏன் தம்பி வாய் திறக்கேல்லை?" என்று மட்டும் கேட்டார். பாரம் இறங்கியவனாக லூயிஷாமில் தனியே இருந்த மாமாவிடம் போனேன்.

"நீதான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் மாமா. "அது தானாத் திறபடுற சாமானே?"

"ஏன் மாமா சொல்லேல்லை?"

"சொன்னா உன்ரை அப்பர் உன்னை முறிச்சிருப்பார். சொன்னாலும் அணைஞ்சது அணைஞ்சதுதான் எண்டு அவையள் போயிருப்பினம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆரைக் கேட்டு அங்க போனனீ? சாமி வேண்டாம் எண்டிட்டுது எண்டு நினைச்சுத்தான் அந்தப் பிள்ளை தன்ரை மனசை ஆத்திக்கொண்டவள். இப்ப தாய் சொல்லி, சின்னப் பெடியன் ஒருத்தன்ரை குறும்பு எண்டு தெரிஞ்சா, அவள் என்னெண்டு என்ரை முகத்தைப் பாப்பாள்?"

அவர் சொன்னது சில வாரங்கள் கழித்து அம்மா மூலம்தான் எனக்கு விளங்கியது. அந்த அக்கா கணவனோடும் பிள்ளைகளோடும் வெள்ளிதோறும் லூயிஷாம் சிவன் கோயிலுக்கு வருவாராம். மாமாவும் போவார். பேசுவதில்லை, தூரத்திலிருந்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இப்போது அக்கா குடும்பம் வெள்ளிக்கிழமைகளில் லண்டனின் மறுகரைக்கு, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்தது.

மாமா என்னை அன்று காப்பாற்றியதன் விலை என்னவென்று சிறுவனாக இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்தது எதுவென்று, வளர்ந்த பிறகும் நான் கேட்டறியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் மாமாவோடு கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. அவர் தூணருகே வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"போவமே மாமா?"

"கொஞ்சம் பொறு," என்றார்.