சீர்வரிசையில் வைத்த நீல டிரம்

கடலூரில் எங்கள் தெருவில் நீல டிரம் இல்லாத வீடே கிடையாது. ரசாயனத் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையோரத்தில் பழைய டிரம்களை அடுக்கி வைத்து விற்பார்கள். முன்பு உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, புளி கரைத்து ஊற்றி, வெயிலில் கவிழ்த்தால் போதும். அப்புறம் அது குடிதண்ணீர் டிரம். வாடை போய்விட்டால் விஷமும் போய்விட்டது என்பது எங்கள் தெருவின் விஞ்ஞானம். பி.எஸ்.சி. படித்த எனக்கும் அதே விஞ்ஞானம்தான்.

2008இல் என் தங்கை சிதம்பரத்தில் வீடு கட்டினாள். புதுமனை புகுவிழாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பித்தளை அண்டா வாங்கட்டுமா என்று கேட்டதும் போனிலேயே சிரித்தாள்.

"அண்டா பரண்லதான்ண்ணா தூங்கும். இங்க கொழாய்ல ஒருநாள் வுட்டு ஒருநாள்தான் தண்ணி வருது. உங்க ஊரு ட்ரம் ஒண்ணு வாங்கியாந்து குடு, போதும்."

வாங்கி, வாடை போகும்வரை சோப்பும் புளியும் போட்டுக் கழுவினேன். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் மண்டை ஓட்டுப் படம். நாலு பேர் பார்க்க வைக்கிற சீரில் மண்டை ஓடு இருந்தால் நன்றாகவா இருக்கும்? மண்ணெண்ணெய் தொட்டு, பிளேடால் சுரண்டி எடுத்தேன். படம் கண்ணை உறுத்தியது. அது சொன்ன சேதி மண்டையில் ஏறவில்லை. சுரண்டிய இடத்தில் என் மனைவி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். பழத்தட்டுக்கும் புடவைத்தட்டுக்கும் நடுவே மாப்பிள்ளை மாதிரி நின்றது டிரம். சம்பந்தி வீட்டார் தட்டிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்குது" என்று மெச்சினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த கோடையில் போனபோது, யு.கே.ஜி. படிக்கும் தங்கை மகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். உதட்டின் உள்பக்கமெல்லாம் புண். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"எங்க மாமியார் சூடு ஜாஸ்தின்றாங்க. டாக்டர் களிம்பு குடுத்தாரு. போவுது, மறுபடி வருது" என்றபடி தங்கை எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு வாய்தான் குடித்தேன். டிரம்மைக் கழுவியபோது மூக்கில் ஏறிய அதே வாடை. தண்ணீரில் என்ன வாடை என்று கேட்டேன்.

"கொழாத் தண்ணில பிளீச்சிங் பவுடர் போடுறாங்கண்ணா. எங்களுக்குப் பழகிப் போச்சி" என்றாள்.

டிரம்மை எடுத்துப் போகிறேன், எவர்சில்வரில் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "குடுத்த சீர யாராவது திருப்பி எடுத்துட்டுப் போவாங்களா? இவுங்க வீட்ல என்ன நெனப்பாங்க?"

வேறு வழியில்லாமல் மண்டை ஓட்டையும் பிளேடையும் பற்றிச் சொன்னேன். அவள் கணவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"தெரிஞ்சா குடுத்தீங்க மச்சான்?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. படம் போட்டுச் சொன்னதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? அந்த டிரம்மால்தான் புண் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறேன், இன்றுவரை முடியவில்லை.

தங்கை திட்டியிருந்தால் தேவலை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நானே டிரம்மைக் கொல்லைக்கு உருட்டிப் போய்ச் சாய்த்தேன். தண்ணீர் மளமளவென்று கறிவேப்பிலைக் கன்றுப் பக்கம் ஓடியது.

"அண்ணா, செடிக்குப் போவாம பாத்துக்க" என்றாள் பின்னாலிருந்து. குரலில் கோபம்கூட இல்லை.

காலால் மண்ணைத் தள்ளி அவசரமாகத் தடுத்தேன். சீர் வைத்த நாளிலிருந்து குழந்தை குடித்துவந்த தண்ணீர் அது.