அம்மா பேசாமல் வந்த சீனப் பயணம்

புளிக்காய்ச்சல் டப்பாவை அம்மா திறந்ததும் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாகப் பழைய சீன வீடுகள், அவற்றின் காலடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும் வாய்க்கால்கள். உள்ளே நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த நிலக்கடலையும் சேர்ந்த கோபிச்செட்டிப்பாளையத்து வாசனை. எது என்ன கறியோ என்ற பயத்தில் அம்மா நியூ ஜெர்சியிலிருந்தே ஒரு சின்ன ரைஸ் குக்கரைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு ஹோட்டலிலும் விடிவதற்குள் சோறு வைத்துப் பிசைந்து டப்பாவில் அடைத்துவிடுவாள். இன்றைக்கும் யாராவது சீனா என்று சொன்னால் எனக்குப் பெருஞ்சுவர் நினைவுக்கு வருவதில்லை, அந்தப் புளிக்காய்ச்சல்தான் மூக்கில் ஏறுகிறது, என்ன செய்ய!

அந்த பஸ்ஸில் நாங்கள் நால்வரைத் தவிர மற்ற எல்லோரும் சீனக் குடும்பங்கள், எங்களைப் போலவே நியூ ஜெர்சியில் வேலைக்கு வந்து வீடு வாங்கிக்கொண்டவர்கள். அப்பாவோடு ஆபீசில் வேலை பார்த்த ஒரு சீன நண்பர்தான் அவரை பக்கத்து ஊரான எடிசனில் ஒரு சின்ன டிராவல்ஸ் கடைக்கு அழைத்துப் போய், சூச்சோ, ஹாங்சோ, பழைய ஊர்கள், பழைய கோயில்கள் என்று ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்ட வைத்திருந்தார். "உங்களுக்கும் சோறு, எங்களுக்கும் சோறு, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று அவர் சொன்னதை அப்பா வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். அமெரிக்கா வந்த நாளிலிருந்து லீவு என்றால் ஊர், ஊர் என்றால் உறவுக்காரர்கள் வீடு என்றே ஓடிய அவருக்கு, ஒரு தடவையாவது சூட்கேசில் யாருக்கும் எதுவும் வாங்காமல் ஒரு தேசத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பாவம், அதில் ஒன்றும் தப்பில்லை.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. டூர் முடிவான பின்னால் ஊரிலிருந்து போன் வந்தது: அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, ஆவணியில் முகூர்த்தம், அதுவும் நாங்கள் சீனாவில் இருக்கப்போகும் நாட்களில். எங்கள் கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் 'இணைச்சீர்' என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்னால் அவருடன் பிறந்தவள் பட்டுடுத்தி வந்து பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர் அது. உனக்குப் பெண்டாட்டி வந்தாலும் நான் உன்னைவிட்டுப் போய்விடவில்லை என்று ஊர் பார்க்கச் சொல்கிற சீர். மாமாவுக்கு அம்மா ஒரே அக்கா. "டூரை மாத்த முடியுமான்னு கேளுங்க" என்று அம்மா சொன்னபோதெல்லாம் அப்பா "பாக்கலாம்" என்றார். அவர் 'பார்க்கலாம்' என்றால் பார்க்க மாட்டார் என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். கடைசியில் அவர் கேட்கப் போனபோது மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள், ஆபீசிலும் வேறு லீவு இல்லை. நீ மட்டும் போய்விட்டு வா என்று அப்பா மெல்ல இழுத்ததற்கு, "புருசன் வராம நான் மட்டும் போயி மேடையில நின்னா நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க" என்றாள் அம்மா. அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு.

அதன் பிறகு அம்மா சண்டை போடவில்லை, அழவில்லை, பெட்டி அடுக்கினாள், புளிக்காய்ச்சல் காய்ச்சினாள், அப்பாவின் சட்டைகளைக்கூட மடித்து வைத்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போகும். அப்பாவுக்குத் திசை என்பதே கிடையாது. போனில் மேப் வராத அந்தக் காலத்தில் அம்மா மடியில் தாளை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லத்தான் அவர் கார் ஓட்டுவார். நூவர்க் ஏர்போர்ட்டுக்குப் போகும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஹைவேயில் நாங்கள் இறங்க வேண்டிய எக்ஸிட் வருவதையும் போவதையும் நன்றாகப் பார்த்துவிட்டு, அது முழுசாகப் பின்னால் போன பிறகு, "உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு, எக்ஸிட் போயிருச்சுன்னு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் தம்பி அருண், "டாட், வீ மிஸ்டு இட்" என்று கத்தினான். ஃபிளைட்டைப் பிடித்ததே பெரிய புண்ணியம்.

கேட்டால் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அப்போது பதினோரு வயது. என் வகுப்பில் ஒருத்தியின் அப்பாவும் அம்மாவும் இப்படித்தான் முதலில் பேச்சை நிறுத்தினார்கள், பிறகு அவள் அப்பா வேறொரு அபார்ட்மென்ட்டுக்குப் போனார், பிறகு அவள் வார நாளில் ஒரு வீடு, சனி ஞாயிறில் ஒரு வீடு என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஊர்ப்பக்கம் புருஷன் பெண்டாட்டி மாசக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே குடும்பம் நடத்துவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நியூ ஜெர்சிதான். சீனாவில் ஒவ்வொரு கோபுரத்தையும் ஒவ்வொரு கல் பாலத்தையும் வழிகாட்டிப் பையன் மஞ்சள் கொடியைத் தூக்கிக் காட்டி விளக்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோக்களில் நானும் அருணும் நடுவில் நிற்க, அவர்கள் இருவரும் இரண்டு ஓரத்தில் நிற்கிறார்கள்.

மாமாவின் முகூர்த்த நாளன்று காலையில் அம்மா ஹோட்டல் குளியலறையிலிருந்து அரக்கு நிறப் பட்டுப் புடவையில் வெளியே வந்தாள். கழுத்தில் நகை, நெற்றியில் விபூதி, குங்குமம். அந்தப் புடவையை அவள் எப்போது பெட்டியில் வைத்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா ஷேவ் செய்த முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு கணம் அவளைப் பார்த்தார், பிறகு டி-ஷர்ட்டைக் கழற்றிவிட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் ஏறியதும் பெண்கள் எல்லோரும் அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கையில் வரும் லின் ஆன்ட்டி முந்தானையைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். "மை பிரதர்ஸ் வெட்டிங்" என்றாள் அம்மா. "டுடே? வேர்?" என்றார் ஆன்ட்டி. அம்மா சிரித்தாள், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்குப் போனது வாய்க்கால்கள் ஓடும் ஒரு சின்னப் பழைய ஊர், பெயர் மறந்துபோய்விட்டது. ஊர் நடுவில் ஒரு புத்தர் கோயில். முழங்கால் உயரத்துக்கு வாசற்படி, முற்றத்தில் கட்டைவிரல் தடிமன் ஊதுபத்திகள், புகை. வாசலுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றினாள். இங்கே கழற்ற வேண்டியதில்லை, எல்லோரும் போட்டுக்கொண்டே போகலாம் என்று வழிகாட்டி ஓடிவந்து சொன்னான். "கோயிலுக்குள்ள செருப்போடயா? நல்லாருக்குது நாயம்!" என்று அம்மா தமிழிலேயே சொன்னாள். அவள் முடிப்பதற்குள் அப்பா குனிந்து தம் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார், என்னையும் அருணையும் கழற்றச் சொன்னார். நான்கு ஜோடிகளையும் படிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு, நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போவது போல வெறுங்காலோடு உள்ளே போனோம். அம்மா பெரிய புத்தரின் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு, மாமாவின் பெயரையும் புதுப்பெண்ணின் பெயரையும் வாய்க்குள் முணுமுணுத்தாள். எந்தச் சாமியாக இருந்தால் என்ன, அன்றைக்கு அவளுக்கு ஒரு சாமி வேண்டியிருந்தது.

நம் ஊர்க் கோயில் மாதிரி சுற்றிவந்து போன வாசலுக்கே திரும்புவோம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்தக் கோயிலோ ஒரு மண்டபத்துக்குப் பின்னால் இன்னொரு மண்டபமாக நீண்டுகொண்டே போய், கடைசியில் எங்களைப் பின்வாசல் வழியாக ஒரு கடைத்தெருவில் கொண்டுபோய் விட்டது. எல்லோரும் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். வெயிலில் கொதித்த கல் தரையில் கால் வைத்ததும் அருண் "ஹாட்! ஹாட்!" என்று குதித்தான், அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பின்வாசல் வழியாக மறுபடி உள்ளே விட மாட்டார்களாம். "நீங்க பஸ்கிட்டப் போங்க, நான் ஓடிப்போயி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அப்பா கோயில் மதிலை ஒட்டிய சந்துக்குள் வெறுங்காலோடு ஓடினார்.

ஓடினவர் வரவேயில்லை. பஸ் புறப்பட வேண்டிய நேரம் தாண்டியது. வழிகாட்டிப் பையன் முன்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே செருப்பும் இல்லை, உங்கள் அப்பாவும் இல்லை என்று வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். லின் ஆன்ட்டி தம் பையிலிருந்து ஹோட்டலில் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தார். பஸ்ஸில் ஒருவராவது முகம் சுளிக்க வேண்டுமே, இல்லை. ஒரு பெரியவர் எங்களுக்காகத் தர்பூசணி வாங்கிவந்து நீட்டினார். அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் கைகூப்பத் தோன்றுகிறது. அம்மா தர்பூசணியைத் தொடவில்லை. "திசை தெரியாத மனுசன், பாஷையும் தெரியாது, எங்கே போய் நிக்கிறாரோ" என்று முதல் தடவையாக அவரைப் பற்றி வாய்விட்டுச் சொன்னாள். பிறகு அருணை ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அந்தத் துணிச் செருப்பு வாய்க்கால் ஓரத்து ஈரக் கல்லில் வழுக்கியது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

வாய்க்கால் கரையில் திருவிழாக் கூட்டம். எதிர்க்கரையில், தூரத்தில், அந்த வெள்ளைச் சட்டையை நான்தான் முதலில் பார்த்தேன். நான்கு ஜோடியையும் இரண்டு கை விரல்களிலும் மாட்டிக்கொண்டு, ஒரு கிழங்குக்காரரிடம் ஷூக்களாலேயே திசை காட்டி வழி கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. கிழங்குக்காரர் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்ட, அப்பா எங்களுக்கு நேர் எதிர்த்திசையில் வேகமாக நடக்க ஆரம்பித்தார். "அப்பா!" என்று நான் கத்தினேன், அந்த இரைச்சலில் காதில் விழவில்லை. அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு, பொள்ளாச்சிச் சந்தையில் புருஷனைக் கூப்பிடுவது போல, "ஏனுங்க!" என்றாள்.

அத்தனை ஜனத்தில் ஒரே ஒரு மனிதர்தான் சட்டென்று நின்றார். திரும்பினார்.

"அங்க எங்கீங்க போறீங்க? பாலம் இந்தப் பக்கம் இருக்குதுங்க! சோத்தாங்கைப் பக்கமா வாங்க! அட, சோத்தாங்கைன்னா அதுவா?" என்று அம்மா இந்தக் கரையிலிருந்து கையை ஆட்டி ஆட்டி வழி சொல்ல, அப்பா அவள் சொன்ன பக்கமெல்லாம் திரும்பி, கூன் விழுந்த கல் பாலத்தில் ஏறி இறங்கி வந்து சேர்ந்தார். கோயில் பெருக்கும் அம்மாள், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று செருப்புகளை அலுவலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டாராம். அப்பா சைகை காட்டிச் சைகை காட்டி வாங்கினாராம். சொல்லிக்கொண்டே அம்மாவின் செருப்பை அவள் காலருகே குனிந்து வைத்தார். அவர் பாதங்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. "கையிலயேதான இருக்குது, உங்களுத போட்டுக்கறதுக்கு என்ன?" என்றாள் அம்மா. "நீ வெறுங்காலோட நிக்கறியேன்னு ஓடியாந்தனா, தோணல" என்றார் அப்பா.

அம்மா அங்கேயே, நடுத்தெருவில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "இந்நேரம் இணைச்சீர் முடிஞ்சிருக்கும். எவளோ எந்தம்பி பக்கத்துல நின்னிருப்பா" என்றாள். "என்மேலதான் தப்பு செல்வி. பாக்கலாம் பாக்கலாம்னே உன்னையக் கெடுத்துட்டேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான், மடை திறந்தது. அத்தனை நாளும் அடக்கி வைத்ததையெல்லாம் பஸ்ஸுக்குப் போய்ச் சேரும்வரை அம்மா திட்டித் தீர்த்தாள், அவர் பரம்பரையே எப்படிப் 'பார்க்கலாம்' பரம்பரை என்பதுவரை. அப்பா ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி நடந்தார். அவள் திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. அந்தச் சாயங்காலம்தான் சீனாவை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்: வாய்க்காலில் மிதக்கும் வாத்துகள், சிவப்பு விளக்குகள், மதில்மேல் சாய்ந்த மூங்கில், எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தன!

மறு வருஷம் ஊருக்குப் போனபோது மாமா, "அடுத்த கல்யாணத்துக்காச்சும் வந்துரு அக்கா" என்று சொல்லி அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எடிசனில் அந்த டிராவல்ஸ் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் பல் டாக்டர் இருக்கிறார். லின் ஆன்ட்டி வெகுநாள் ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்துகொண்டிருந்தார், பிறகு மகளோடு டெக்சாஸுக்குப் போய்விட்டார். அப்பா காலமாகிவிட்டார், அம்மா என்னோடு இருக்கிறாள். நான் என் கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், கோபம் வந்தால் பக்கத்து அறையிலிருந்து மெசேஜ் அனுப்புகிறேன். எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரையும் அம்மா கூப்பிட்டது போலக் கூப்பிடுவதில்லை. அப்படி ஒருத்தி கூப்பிட, அப்படி ஒருவர் திரும்பியதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததே, அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

போன மாதம் அம்மாவைப் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். தரிசனம் முடிந்து காரை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல், "ஏனுங்க!" என்றது. பார்க்கிங்கில் ஆங்காங்கே நின்ற மூன்று நான்கு ஆண்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், சிலர் தமக்கில்லை என்று தெரிந்து சிரித்துக்கொண்டு மறுபடி திரும்பிக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கார்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பெண்ணிடம் போனான். அம்மா நின்றுவிட்டாள்.

"போலாமா அம்மா, குளுருது" என்றேன்.

"இரு கண்ணு" என்றாள். "அந்தத் தம்பி போயிச் சேரட்டும்."