ஓர் உருண்டைப் புளி

எங்கள் வீட்டு உள் அறையின் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது உப்புப் போட்டு அடைத்த புளியின் வாசனை. அதற்குப் பின்னால் வேப்பிலை, வசம்பு, வெயிலில் சுருங்கிய கத்தரிக்காய் வத்தல், கடைசியாக மூலையில் தனியே தொங்கிய கருவாட்டு மூட்டை. ஆரணியில் பட்டு நெய்கிற எங்கள் தெருவில் உள் அறை என்றால் நூலும் பழைய தறிச் சாமான்களும் போட்டுவைக்கிற இடம். எங்கள் வீட்டில் மட்டும் அது சோற்றுக்கான இடம், ஆனால் அங்கிருந்து சோறு சுலபத்தில் வெளியே வராது. அதன் சாவி அம்மாவின் தாலிக்கயிற்றில் கிடந்தது.

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களில் கேழ்வரகும் கொள்ளும் அரிசியும், செம்மண் கட்டிக் காயவைத்த துவரையும், துணியால் வாய் கட்டிய பானைகளில் வெல்லமும், மெழுகில் முக்கி எடுத்த தீப்பெட்டிகளுமாகச் சுவர் தெரியாமல் அடுக்கியிருப்பாள் அம்மா. "பழசு முன்னால, புதுசு பின்னால" என்பது அவள் சட்டம். புதிதாக வாங்கியது பின்னால் போய்விடும், முன்னால் இருக்கும் பழையதைத்தான் சமைக்க வேண்டும். அதனால் என் சிறுவயது முழுவதும் நாங்கள் போன வருஷத்து அரிசியையே சாப்பிட்டோம். தெருவில் எங்கள் வீட்டுக்கு "கோடவுன் வீடு" என்று பெயர். கேலி செய்வார்கள். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவள் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை பட்டு நூல் வரத்து நின்று, அவர்கள் வீட்டுத் தறி மாதக் கணக்கில் ஓடவில்லை. வீட்டில் விற்க ஒன்றும் மிச்சமில்லாமல் போன ஒரு நாளில் அந்தப் பையன் சாக்கடை ஓரத்து ஆமணக்குச் செடியிலிருந்து கொட்டைகளைப் பறித்து, வேர்க்கடலையைப் போலத் தின்றுவிட்டான். "அவன பசி கொல்லலடி. இது தின்னலாம், இது தின்னக்கூடாதுன்னு யாரும் அவனுக்குச் சொல்லித் தரல. அதான் கொன்னுச்சு" என்பாள் அம்மா. கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொல்வாள். அழுது நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு காலம் திரும்ப வரும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதற்கு எங்களைத் தயார் செய்தாள். எனக்கு மூத்தவள் சுகன்யா அக்கா. நாங்கள் இரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் "பட்டினிப் பழக்கம்". அப்பாவுக்கு வழக்கம்போல மீன் குழம்பு வைத்துப் பரிமாறுவாள். நாங்கள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எச்சில் விழுங்கினால் கூட "இன்னா, தொண்ட காயுதா?" என்று கேட்பாள். மழை பெய்தால் எங்களைக் கொல்லைக்கு அனுப்பி ஈர விறகில் அடுப்பு மூட்டச் சொல்வாள்; பற்றினால்தான் அன்றைக்குச் சோறு. ஆற்றுப் பக்கம் கூட்டிப் போய் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கவும், கலங்கல் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைக்கவும் கற்றுக்கொடுத்தாள். கீரைகளைக் கட்டாகப் பறித்துவந்து அதில் தின்னக்கூடாத ஒன்றிரண்டைக் கலந்து எங்கள் முன்னால் கொட்டுவாள். தப்பாக எடுத்தால் கையை நீட்ட வேண்டும், தறியில் கிடக்கும் குச்சியால் புறங்கையில் ஓர் அடி விழும். நான் அடிக்கடி வாங்கினேன். அக்கா வாங்கியதே இல்லை. அவள் பசியையும் என்னைவிட நன்றாகத் தாங்குவாள். மறுநாள் காலையில் தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து என் தட்டில் தள்ளிவிடுவாள்.

அப்பா தறியை விட்டு எழமாட்டார். ஏதாவது முறையிட்டால், "அவ சொல்றத கேட்டுகினு போங்கம்மா, வீட்டுல பேஜார் வாணாம்" என்பதோடு சரி.

கொரோனா வந்து ஊரை அடைத்தபோது அக்கா பதினொன்றாவது, நான் எட்டாவது. பெங்களூரிலிருந்து நூல் வரவில்லை, முதலாளிகள் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்கவில்லை, ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் தறிச் சத்தம் அடங்கிப்போயிற்று. நான் பிறந்ததிலிருந்து நிற்காத சத்தம் அது. காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. அம்மாவின் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு வந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்து, "சொன்னேன் இல்ல?" என்றாள்.

பக்கத்து வீட்டில் ரேவதி அக்கா இருந்தாள். அவள் புருஷன் கூலித் தறிக்கென்று பெங்களூருக்குப் போனவன், பஸ் நின்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டான். ரேஷன் கடையில் இலவச அரிசி கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய கார்டு பெரணமல்லூரில் மாமியார் வீட்டில் இருந்தது. அந்த அம்மாளுக்கும் ரேவதி அக்காவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு இருந்திருந்தாலும் அப்போது போய் வர வழியில்லை. ரேவதி அக்காவுக்கு ஒரே பெண் குழந்தை, தேனு. இரண்டரை வயதிருக்கும். தறி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தத்தித் தத்தி எங்கள் வீட்டுக்குள் வந்து அப்பாவின் பக்கத்தில் நிற்கும். அப்பா மிச்சம் விழுந்த பட்டு நூலை அதன் மணிக்கட்டில் சுற்றிவிடுவார். ஒரு கையில் சிவப்பு, ஒரு கையில் பச்சை என்று காட்டிக்கொண்டே திரும்பும்.

தெருவில் முதலில் எல்லோரும் கொடுத்தார்கள். பிறகு எல்லார் கையும் சுருங்கியது. பாவுக்குக் கஞ்சி போட வைத்திருந்த அரிசியைக்கூட ரேவதி அக்கா சமைத்துத் தீர்த்துவிட்டாள் என்று பேச்சு வந்தது. அவள் எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா ஒரு படி கேழ்வரகு கொடுத்தாள். கொடுக்கும்போதே, "இதான் மொதலும் கடசியும். என்கிட்டயும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது" என்றாள். மறுபடி வந்தபோது சொன்னபடியே கதவைத் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் அக்கா திருட ஆரம்பித்தாள். அம்மா குளிக்கப் போகும்போது சாவியைக் கயிற்றிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டுவாள். அந்த இடைவெளியில் ஒரு டம்ளர் மாவோ கையளவு வெல்லமோ எடுத்து, கொல்லைச் சுவருக்கு மேலாக நீட்டிவிடுவாள். அந்தப் பக்கம் ரேவதி அக்காவின் கை காத்திருக்கும். காட்டிக்கொடுத்தது எறும்பு. ஒரு காலையில் சுவர் மேல் எறும்புச் சாரி ஊர்வதைப் பார்த்த அம்மா, அதைத் தொடர்ந்து போய், சிந்தியிருந்த வெல்லத் துகளை விரலில் ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை, அடிக்கவுமில்லை. அக்காவைக் கையைப் பிடித்து உள் அறைக்குள் கொண்டுபோய் விட்டாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இதுக்குள்ளாறயே இரு. எதையும் தொடாத. தொட்டா எனக்குத் தெரியும்."

வெளியே பூட்டிச் சாவியைக் கயிற்றில் முடிந்துகொண்டாள். பட்டினியாக, அவ்வளவு சாப்பாட்டுச் சாமான்களின் நடுவில். அப்பா ஒருமுறை எழுந்து வந்து கதவின் முன்னால் நின்றார், அம்மா அவரைப் பார்த்தாள், போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று மத்தியானம் ரேவதி அக்கா வந்தாள். இடுப்பில் தேனு, கையில் ஓர் அலுமினியக் குண்டான். அம்மா கதவை ஒருக்களித்துத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அக்கா, ஒரு உருண்ட புளி மட்டும் குடுங்கக்கா. வேற ஒண்ணும் வாணாம்" என்றாள் ரேவதி அக்கா.

குண்டானில் மண்ணோடு கிழங்கு கிடந்தது. காட்டுக்கருணை. புளித்தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி புளி விட்டு வேகவைத்தால்தான் அதன் நமைச்சல் போகும். இல்லாவிட்டால் தொண்டையை வீங்கவைத்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. அவள் கண் அந்தக் கிழங்கின் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன்.

"எங்க எடுத்த?"

"ஆத்தோரம், பொதருக்குள்ள இருந்துச்சுக்கா. புளி போட்டு வேக வெக்கணும்னு எங்கம்மா சொன்னதா ஞாபகம்."

"புளி இல்லம்மா."

"வாசன வருதேக்கா."

"வாசனதான் வருது. புளி இல்ல."

உள்ளிருந்து அக்கா கதவைத் தட்டினாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ம்மா! குடும்மா! கதவத் தொறந்து குடும்மா!" என்று இரண்டு கைகளாலும் அறைந்தாள். அம்மா திரும்பிப்போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். ஏதோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ரேவதி அக்கா அசையாமல் நின்றாள். தேனு கதவுச் சத்தம் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தது, யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்து.

"நல்லா வேக வெச்சுத் துன்னுங்க" என்று சொல்லி அம்மா கதவைச் சாத்தினாள். வேறெதுவும் சொல்லவில்லை. எத்தனை தடவை, எந்தத் தண்ணீரில் என்று சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே எங்கள் கதவு இடிபட்டது. பேச்சு இல்லை, இடி மட்டும். அப்பா திறந்தார். ரேவதி அக்காவின் உதடுகள் தடித்து வாய் மூடமுடியாமல் இருந்தது, குரல் எழும்பவில்லை. குழந்தையை நீட்டிக்கொண்டு நின்றாள். தேனுவின் நாக்கு வெளியே வந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். அப்பா குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆம்புலன்ஸ் வந்தது. ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கண்ணமங்கலம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அம்மா உள் அறையைத் திறந்தாள். அக்காவின் உள்ளங்கைகள் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன. அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. ஒரு பானையின் துணிக்கட்டுகூட நெகிழவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாள் அம்மா. அக்கா யாரையும் பார்க்காமல் கொல்லைக்குப் போய் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

அடக்கத்துக்கு நான்கைந்து பேருக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். தகப்பன் போனில் பார்த்தான்.

மறுநாளிலிருந்து அம்மா ரேவதி அக்காவுக்குச் சமைத்துக் கொடுத்தாள். சோறு, பருப்பு, வத்தல், ஒரு தூக்கில் ரசம்கூட. யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். பாத்திரத்தைக் கொண்டுபோய் அந்த வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ரேவதி அக்கா அதைத் தூக்கி எறிவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தெரு முழுக்க எதிர்பார்த்தது. அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. படியிலேயே உட்கார்ந்து, எங்கள் கதவைப் பார்த்தபடி, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். பிறகு பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு நாளும் இதேதான். அவள் சாப்பிடுகிற நேரத்தில் அம்மா ஜன்னல் பக்கம் வரமாட்டாள். பஸ் விட்டதும் புருஷன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். வண்டியில் ஏறும்போது ரேவதி அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நான் வாசலுக்கு வந்தேன். "வரேன் பாப்பா" என்றாள், என்னிடம் மட்டும்.

அக்கா அதன் பிறகு உள் அறையிலிருந்து வந்த எதையும் வாயில் வைக்கவில்லை. ரேஷன் அரிசியைத் தனியாக வடித்து உப்புப் போட்டுத் தின்றாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். எனக்குப் போன் செய்வாள். அம்மாவின் குரல் பின்னால் கேட்டால் வைத்துவிடுவாள்.

இப்போது நான் வேலூரில் நர்சிங் படிக்கிறேன். விடுமுறைக்கு ஆரணிக்குப் போனால் எங்கள் தெருவில் கைத்தறிச் சத்தம் இரண்டு மூன்று வீட்டில்தான் கேட்கிறது. ரேவதி அக்காவின் வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கீழே மொபைல் கடை. அந்த வாசற்படி இல்லை, கொல்லைச் சுவரும் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அங்கே ஒரு குழந்தை இருந்தது என்றே தெரியாது. அப்பாவின் தறியும் போய்விட்டது. அந்த இடத்தையும் சேர்த்து அம்மா உள் அறையைப் பெரிதாக்கிக்கொண்டாள்.

போன தடவை போயிருந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து புளி அடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை புளி, ஒரு கை கல்லுப்பு. நான் எதிரே உட்கார்ந்து, இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்கு அது இன்னா கெழங்குன்னு உனக்குத் தெரியும்தானம்மா?"

அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"புளி குடுத்திருந்தா நாளைக்கு அரிசி கேப்பா. அரிசி குடுத்திருந்தா தெருவே வந்து நிக்கும். எத்தினி மாசம் ஓடும்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்?" அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் உயிரோட கீறீங்க இல்ல?"

"அக்கா இந்த வீட்டுக்கு வர்றதே இல்லம்மா."

"வரலன்னா இன்னா?" என்றாள், உப்பை அள்ளியபடியே. "எங்கியோ கீறா. துன்னுகினு கீறா."