ஆமினாவின் கிண்ணம்

காலை ஏழு இருபதுக்கு நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அடியில் சிவப்பில் ‘ஆமினா’ என்றிருந்தது. கப்பலில் வேலைபார்த்த வாப்பா இத்தாலியிலிருந்து கொண்டுவந்தது. செய்தவர் பெயரைத் தேடி, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் ஊற்றினேன்.

அந்த நெடி பழைய மேலப்பாளையம் வீட்டுக்கு இழுத்துப்போனது. கல்யாண வீடுகளுக்கு இரவல் கொடுக்கும் பாத்திரங்களில் பெயர் வெட்டுவோம். கண்ணாடியில் வெட்ட முடியாததால், அடியில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைப் படித்துப் பார்க்காமல் அதன் மேலேயே உம்மா நெயில் பாலிஷால் கெட்டியாகத் தன் பெயரை எழுதினார்.

“ஏளா, எந்தம்பி டவுன்ல வாங்கிட்டு இத்தாலிங்கான், நீயும் நம்புதியே!” என்று வாப்பாவின் அக்காவான மாமி எல்லார் முன்னாலும் சிரித்தார்.

சிவப்பு கரைந்தது. சீட்டில் முரானோ என்ற இத்தாலி ஊரும் பட்டறையின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன.

“உம்மா, வாப்பா சொன்னது நெசம்!”

“எனக்குத் தெரியும்லா. மாமிக்குப் போனைப் போடு.”

மாமிக்கு எண்பத்திரண்டு வயது. காது நன்றாகக் கேட்கும்.