பல் கேப்புக்கும் முதல் பீஸ் அப்ரூவல் உண்டு

வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு இன்று கேப் போடப் போனேன். ஒரகடம் கிளினிக் டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார்.

"லேபுக்கு அனுப்புனா ஒரு வாரம். இங்கயே மிஷின்ல வெட்டுனா இன்னிக்கே மாட்டிக்கலாம். உங்க பல்லுக்கு ரெண்டுமே சரியா வரும். இன்னா சொல்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கல்யாணம், மட்டன் பிரியாணி.

"இன்னிக்கே போட்ருங்க மேடம்."

கண்ணாடிப் பெட்டிக்குள் மிஷின் சின்னப் பீங்கான் கட்டி ஒன்றைப் பல்லாகச் செதுக்கியது. பத்து வருடமாகக் கம்பெனியில் கியர் வெட்டுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மேடம், மொத பீஸை யாரு செக் பண்ணுவா? எங்க லைன்ல இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாம அடுத்த பீஸ் ஓட்ட முடியாது."

டாக்டரம்மா சிரித்தபடி கேப்பை மாட்டி, எங்கே இடிக்கிறது என்று மை ஒட்டிக் காட்டும் ஒரு நீலத் தாளை மேலே வைத்தார்.

"நீங்கதான் இன்ஸ்பெக்டர். கடிங்க."

"லேசா தட்டுது மேடம்."

தேய்த்தார். கடித்தேன்.

"இன்னும் தட்டுது."

மறுபடி தேய்த்தார். மூன்றாவது தடவைதான் ஓகே சொன்னேன்.

எங்கள் இன்ஸ்பெக்டர் என் பீஸைத் திருப்பி அனுப்பும்போது அவர் முகம் ஏன் அப்படி மலர்கிறது என்று இன்றுதான் புரிந்தது.

இதைப் படிக்கும் இன்ஸ்பெக்டர்களே, உண்மையைச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை எனக்கு நிஜமாகவே தட்டியதா?