சோலார் விளக்குக்கு ஜீப் பாதை

எங்கள் இராமநாதபுரம் ஜில்லாவில் தண்ணீர் விற்பவனுக்கு மரியாதை உண்டு, வெயில் விற்பவனுக்குக் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு சோலார் கம்பெனியில் சேர்ந்து, மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறிக் கறுத்துப்போன சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

நான் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பரமக்குடிப் பக்கம், கண்மாய்க்கு அந்தாண்டை இருக்கிறது எங்கள் தெரு. எல்லாரும் களையெடுப்பு, அறுப்பு என்று காட்டு வேலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள். கரண்டுக் கம்பி கண்மாய்க் கரையோடு நின்றுவிட்டது. ஒரு மழைக்காலத்து இருட்டில் என் தங்கையைக் கட்டுவிரியன் கடித்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வரப்பு வழியே ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் ஒரு விளக்காவது நட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தவன்தான் நான். அதற்குப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ராமேஸ்வரத்து ஈரத்துணி

முதலில் என்னை அனுப்பியது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு. மாடியில் சோலார் ஹீட்டர் மாட்டியும் தண்ணீர் சுடவே இல்லை என்று புகார். ஏறிப் பார்த்தால் ஹீட்டரையே காணோம். தீர்த்தமாடிவிட்டு வந்த யாத்ரீகர்களின் வேட்டி, சேலை, துண்டு, பாவாடை எல்லாம் அதன்மேல் விரித்துக் கிடந்தன. கண்ணாடி சூடாக இருக்கிறதல்லவா, சீக்கிரம் காய்கிறதாம்.

எல்லாவற்றையும் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, வெயில் பட்டால்தான் தண்ணீர் சுடும் என்று லாட்ஜ் மேனேஜருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாகப் பழைய இடத்திலேயே விரித்தார். "தம்பி, சுடுதண்ணி இல்லேன்னா வாரவுக ஒரு சத்தம் போட்டுட்டுப் போயிருவாக. துணி காயலேன்னா ரூமையே காலி பண்ண மாட்டாக."

பலகைக்கும் பொட்டு

அடுத்தது பரமக்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி வீடு. கரண்டு, மோட்டார் எல்லாம் இருக்கிற வீடுதான். மானியத்தில் வருகிறதே, விடுவானேன் என்று சோலாரும் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜையிலிருந்து விளக்கு மங்கிப்போச்சு என்றார்கள். போய்ப் பார்த்தேன். கலப்பைக்கும் டிராக்டருக்கும் செய்த மரியாதையைச் சோலார் பலகைக்கும் செய்திருந்தார்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் விபூதிப் பட்டை, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். தீபாவளியும் போய்விட்டது, ஒருத்தரும் துடைக்கவில்லை.

ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் சரியாகிவிடும் என்றேன். வீட்டம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. மழை பெய்து தானாகப் போனால் சரி, மனுசர் கைவைத்து அழிக்கிற பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லையாம். நானும் கெஞ்சிப் பார்த்தேன். "வச்ச பொட்ட அழிக்க விடமாட்டேன். நீ வேணா வேற பலகை கொண்டாந்து மாட்டிட்டுப் போ."

இருட்டாத இடம்

அப்புறம் எங்கள் பஞ்சாயத்துக்கே சோலார் தெருவிளக்குகள் வந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் நட்ட விளக்கை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் ஜீப்பில்தான் வருவார், ஆகவே ஜீப் போகிற இடத்தில்தான் நட வேண்டும் என்றார்கள். ஜீப் போகிற இடத்தில் எல்லாம் ஏற்கெனவே டியூப்லைட் எரிகிறது. எரிந்தால் என்ன, பஸ் ஸ்டாப்பில் தொடங்கி அதற்குப் பக்கத்திலேயே நட்டோம்.

இருட்டினால் தானாக எரிகிற விளக்கு அது. டியூப்லைட் வெளிச்சத்தில் அதற்கு இருட்டவே இல்லை, ஒன்றுகூட எரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கூட வேலை பார்த்த தொண்டிக்காரர் ரபீக் அண்ணன்தான் சமாதானம் சொன்னார். "கரண்டு போனா எரியும்ல தம்பி. நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

அம்மா போட்ட ரோடு

வீட்டுக்கு வந்து ஜீப் கதையைச் சொல்லிப் புலம்பினேன். அம்மா மறுநாள் களையெடுத்துவிட்டு வந்த கையோடு, தெருப் பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு சீமைக்கருவேல முள்ளை வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஆம்பளைகள் கண்மாய் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். தங்கையும் சுமந்தாள். தை பிறப்பதற்குள் கண்மாயைச் சுற்றிக்கொண்டு எங்கள் தெரு வரைக்கும் ஜம்மென்று ஒரு ரோடு வந்துவிட்டது.

ஜீப்பும் வந்தது. அதிகாரி இறங்கி, ரோட்டைக் காலால் மிதித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் அவர் விதியை எடுத்தார். கம்பி போக முடியாத ஊருக்குத்தான் சோலாராம். ரோடு இருந்தால் கம்பி இழுக்கப் போஸ்ட்மரம் கொண்டுவரலாம், ஆகவே எங்கள் தெரு இனிமேல் கரண்டு இலாகாவின் பாடாம். பஸ் ஸ்டாப்பில் டியூப்லைட்டுக்குப் பக்கத்திலேயே நட்டிருக்கிறோமே என்று கேட்டேன். அது போன வருசத்து விதி என்றார்.

கம்பி எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே என்னைக் கூப்பிட்டார். "ஏலே, ரோட்ட எடுத்துட்டா லைட்டு தருவாகளாண்டு கேளு."

கேட்டேன், சகோதரர்களே, போட்ட ரோட்டை எடுப்பதற்கு வேறு ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டுமாம்.