டைனோசர் முட்டையும் ரெட்டிபாளையத்து அக்காவும்

போன வருடம் கோடை விடுமுறையில், அரியலூர் பக்கம் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் நடந்தது இது. அங்கே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தற்காலிக வேலைதான். "லீவு முடியற வரைக்கும் பாப்போம்மா. கூட்டம் வரலன்னா நிறுத்திடச் சொல்லிட்டாங்க" என்று எங்கள் காப்பாட்சியர் சார் சொல்லியிருந்தார்.

எதைப் போட்டாலும் என் சித்தி மட்டும்தான் லைக் போடுவார். சாரிடம் காட்டாமல் எதையும் போடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஒருநாள் அவர் திருச்சி போயிருந்தார். எனக்கு அவசரம். ஒரு உருண்டைக் கல்லைப் படமெடுத்து, 'நம்ம ஊர் டைனோசர் முட்டை!' என்று போட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் பெரம்பலூர், திருமானூர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அந்தக் கல்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நடுவில் ஒரு பெண் மட்டும், 'இது முட்டை இல்லம்மா. எங்க பக்கம் மைன்ஸ்ல நிறைய கிடைக்கும்' என்று எழுதியிருந்தார். வந்துவிட்டார் கெடுப்பதற்கு என்று நினைத்து, அதை யார் கண்ணிலும் படாதபடி மறைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரே நேரில் வந்து நின்றார். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். ஒயர்கூடையிலிருந்து இரண்டாகப் பிளந்த உருண்டைக் கல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே சுருள் சுருளாக நத்தை மாதிரி ஒரு கடல் உயிரி, அப்படியே கல்லாகி இருந்தது.

"உங்க போட்டோவப் பாத்துட்டு ஆளாளுக்குக் கல்லத் தூக்கிட்டுப் போயி வூட்டுல பதுக்குறாங்கம்மா. சில பேரு சம்மட்டியால ஒடைச்சே பாக்குறாங்க. போனா வருமா?"

கூனிக் குறுகிப் போனேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தக் கற்கள் போகும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, என்கூட லைவ்ல வருவீங்களா?" என்று கேட்டேன்.

"நானா? தலைகூட சரியா சீவலயே!" என்றவர், என் சீப்பை வாங்கிச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் கல்லைத் தூக்கிக் காட்டினார். "முட்டைய விட இது ஒசத்திங்க. இங்க கடலு இருந்துச்சுன்னு சாட்சி சொல்லுது. ஒடைக்காம கொண்டாந்து குடுங்க."

சார் போனில், "வந்து பேசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால், கேட்டைத் தாண்டி ரோடு வரை வரிசை! பைக்கில், ஆட்டோவில், சாக்குப் பையில் கல்லோடு வந்திருந்தார்கள். சார் வியர்க்க வியர்க்க ஒவ்வொரு கல்லிலும் கொடுத்தவர் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உன்ன நிறுத்தறதாவது! வந்து பசையப் புடி" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அக்காவின் கல் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பெயரோடு இருக்கிறது. அன்று நான் மறைத்த அவருடைய வரியை எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தியிருக்கிறேன். எதைப் போடுவதற்கு முன்னாலும் அதை ஒருமுறை படிக்கிறேன், ஏனென்றால் என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததே அந்த ஒரு வரிதான்.